சாமியார் வராத ஞாயிறுகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் குண்டாறும் வறண்டுதான் கிடக்கும். கரிசல் காடுகளில் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து. தரிசாய் விட்ட இடமெல்லாம் சீமைக்கருவேல். மேனிநாதர் கோயிலாலும் 1879இல் இங்கே பிறந்த ரமண மகரிஷியாலும் திருச்சுழியைத் தமிழுலகம் அறியும். இதே மண்ணில் கத்தோலிக்கர்களும் சிறு தொகையினராய் வாழ்கிறார்கள். பங்குக் கோயில் ஓர் ஊரில் இருக்கும். அதைச் சேர்ந்த கிளைக் கிராமங்கள் சுற்றிலும் சிதறிக் கிடக்கும். பங்குச் சாமியார் ஒருவர்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாக் கிராமங்களிலும் திருப்பலி நிறைவேற்ற அவரால் ஆகாது. ஊர்களுக்கு முறை வைத்துத்தான் பூசை.

அப்படியானால் முறை வராத ஞாயிற்றுக்கிழமையில் பக்தியுள்ள ஒரு கத்தோலிக்கர் என்ன செய்வார்? இந்தப் பகுதியின் திருச்சபை வரலாறு பெரும்பாலும் குருக்களின் வரலாறாகவும் கோயில் கட்டடங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. அதற்குள்ளேயே இன்னொரு வரலாறு ஓடுகிறது. மறையறிவு கற்பித்து ஜெபம் நடத்தும் உபதேசியார், கோயிலைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, ஜெபமாலை முன்சொல்லும் பெண்கள் என்று குருப்பட்டம் பெறாத மனிதர்கள் தாங்கிப் பிடித்த ஞாயிறுகளின் வரலாறு அது. வறண்ட நாட்டின் ஞாயிறு வழிபாட்டுக்கு முதுகெலும்பாய் இருந்தவர்கள் இவர்களே என்பதும், இன்றைய நெருக்கடிகளுக்கு அந்த மரபில்தான் விடை இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கடற்கரையில் தொடங்கிய வழக்கம்

தமிழில் ஞாயிறு ஜெபம் தொடங்கிய விதமே இதற்குச் சான்று. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழி அறிந்தவர்களைக் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்துகொண்டார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபையினருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், சிறுவர், சிறுமியர் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டித் தமிழில் ஜெபங்களைச் சொல்லவைத்தார். ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது ஜெபங்களின் பிரதி ஒன்றை அங்கே வைத்துவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுக்கவும், மற்றவர்கள் மனப்பாடம் செய்யவும், ஞாயிறுதோறும் எல்லாரும் கூடிச் சொல்லவும் ஏற்பாடு செய்தார். அதை நடத்த ஊருக்கு ஒருவரையும் நியமித்தார்.

தமிழ்க் கத்தோலிக்க ஞாயிறு, குரு அருகில் இல்லாத நாளையும் கணக்கில் எடுத்துக்கொண்டே பிறந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலாகக் கருதப்படுவது அதுதான். அது இலக்கண நூலோ காவியமோ அன்று. சாதாரண மக்கள் சொல்லிப் பழக வேண்டிய மறையறிவும் ஜெபமும் அடங்கிய சிறு புத்தகம். தமிழ் அச்சுக் கலையின் முதல் பணியே உபதேசியாரின் கைக்கு ஒரு புத்தகம் கொடுத்ததாக அமைந்தது.

மறவ நாட்டு உபதேசியார்

கடற்கரையின் வழக்கம் உள்நாட்டுக்கு வந்தபோது நிலைமை இன்னும் கடினமானது. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த பின் வளர்ந்த மதுரை மிஷன் மிகப் பெரிய பரப்பு. குருக்களோ எந்தக் காலத்திலும் ஒரு சிலரே. சேதுபதிகள் ஆண்ட மறவ நாட்டில் அவர்கள் நடமாடுவதே ஆபத்து. ஆண்டுக்கு ஓரிரு முறை குருவைப் பார்ப்பதே பெரும் பேறு என்றிருந்த ஊர்கள் பல. மற்ற ஞாயிறுகளில் மக்களைக் கூட்டியவர், குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர், சாகக் கிடப்பவருக்கு அருகில் அமர்ந்து ஜெபித்தவர், இறந்தவரை அடக்கம் செய்தவர் எல்லாம் உபதேசியார்தான்.

அருளானந்தர் என்று இந்த மண் கொண்டாடும் புனித ஜான் தெ பிரிட்டோவின் வரலாற்றில் உபதேசியாரின் இடம் தெளிவாகத் தெரிகிறது. 1686இல் மறவ நாட்டில் அவர் பிடிபட்டபோது அவருடைய உபதேசியார்களும் உடன் பிடிபட்டு வதைபட்டார்கள். அவர் நாடு கடத்தப்பட்டு, ஐரோப்பா சென்று, மீண்டும் இங்கேயே திரும்பி வந்தார். அரச குலத்தவரான தடியத் தேவர் கடும் நோயில் கிடந்து அவரை அழைத்தபோது, அருளானந்தர் தாம் போகாமல் முதலில் தம் உபதேசியார் ஒருவரை அனுப்பினார் என்றும், அவர் சென்று நற்செய்தியை வாசித்து ஜெபித்த பிறகே தேவர் குணமடைந்தார் என்றும் மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. 1693 ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்றார். அதன் விளைவாகப் பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். 1947இல் பன்னிரண்டாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஓரியூர் செம்மண்ணை எடுத்து நெற்றியில் இடும் பக்தர்கள், அந்த வரலாற்றைத் தொடங்கிவைத்த பெயர் தெரியாத உபதேசியாரையும் நினைக்க வேண்டும்.

1710இல் இந்தியா வந்து காமநாயக்கன்பட்டிப் பகுதியிலும் பணியாற்றிய வீரமாமுனிவரைத் 'தேம்பாவணி'யின் ஆசிரியராக எல்லாரும் அறிவோம். அவரே உபதேசியார்களின் நடத்தைக்கும் பணிக்கும் வழிகாட்டியாக 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலையும் எழுதினார். காவியப் புலவர் ஒருவர் கிராமத்து உபதேசியாருக்காகத் தனி நூல் எழுதினார் என்றால், மிஷன் யாருடைய தோளில் நின்றது என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

அறுபத்தைந்து ஆண்டுச் சோதனை

மதுரை மிஷனை நடத்திய இயேசு சபையினரை 1759இல் போர்த்துக்கல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773இல் பதினான்காம் கிளமெண்ட் அந்தச் சபையையே கலைத்தார். மதுரை மிஷனுக்குப் புதிய குருக்கள் வருவது நின்றது. இருந்தவர்கள் முதுமையடைந்து மறைந்தார்கள். புதுச்சேரியிலிருந்து பாரிஸ் மறைபரப்புச் சபையினரும் கோவாவிலிருந்து வந்த குருக்களும் இயன்றவரை கவனித்தார்கள். ஆனாலும் 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மீண்டும் வரும் வரையில் ஏறத்தாழ 65 ஆண்டுகள் பல கிராமங்களுக்கு அரைப் பட்டினிக் காலம்தான். இரண்டு தலைமுறை ஞாயிறுகள் பெரும்பாலும் பூசையில்லாமல் கழிந்தன.

திரும்பி வந்தவர்கள் கண்டது வெற்றிடத்தை அன்று. குழப்பம் இருந்தது, சண்டை இருந்தது, மறதியும் இருந்தது. ஆனால் ஜெபம் தெரிந்த ஊர்கள் இருந்தன. திருநாள் கணக்கு மறக்காத குடும்பங்கள் இருந்தன. புதிய மிஷன் அந்த அடித்தளத்தின்மேல்தான் எழுந்தது. பிரான்சின் ரான்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு 1894இல் இடைக்காட்டூரில் எழுந்த திருஇருதய ஆலயத்தை இன்று வியந்து பார்க்கிறோம். அந்தக் கோபுரங்களுக்கு முன்னால் ஓலைக் கொட்டகையில் முழங்காலிட்டவர்களின் ஞாயிறுகள் இருந்தன.

இதற்கு ஒரு நூற்றாண்டு முந்தைய இலங்கை வரலாறு இன்னும் கடுமையானது. 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போனது, கத்தோலிக்க வழிபாடு தடைபட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1687இல் கோவாவின் ஜோசப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கி, கழுத்தில் ஜெபமாலையுடன் வீடு வீடாக நடந்தார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட பின், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் குருக்களே இல்லாமல் விசுவாசத்தைக் காத்தவர்கள் 1865இல் நாகசாகியில் வெளிப்பட்டார்கள். இந்த மூன்று நாடுகளிலும் காத்து நின்றது ஒன்றே: குறித்த நாளில், மனப்பாடமான ஜெபத்தோடு, ஒருவர் முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்லும் கூட்டம்.

ஒரு ஞாயிற்றின் ஒழுங்கு

இந்த மரபில் ஞாயிறு சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடும். பாவசங்கீர்த்தனம் செய்ய நினைப்பவர்கள் ஆத்தும சோதனை செய்துகொள்வார்கள். வீட்டில் ஜெபமாலை நடக்கும். மறுநாள் நன்மை (நற்கருணை) வாங்குவதென்றால் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது பழைய சட்டம். 1953இல் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீருக்கு விலக்களித்தார். 1957இல் மூன்று மணி நேர உபவாசம் போதும் என்றார். 1964இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். சித்திரை வெயிலில் தொண்டை நனையாமல் அடுத்த ஊர்க் கோயிலுக்கு நடந்தவர்களின் பக்தி எத்தகையது என்பதை, கையில் தண்ணீர் பாட்டிலோடு பைக்கில் போகும் நம் தலைமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூசையோ அன்று லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து லத்தீனில் ஜெபிக்க, மக்கள் தமிழில் ஜெபமாலையும் பூசைக்கான ஜெபங்களும் சொல்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்துக்குப் பிறகே பீடத்திலும் தமிழ் ஒலித்தது. வழிபாட்டில் தமிழ் மேலிருந்து கீழே இறங்கி வந்ததாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. சவேரியார் காலம் தொட்டு மக்களின் வாயில் இருந்த தமிழ், நாலு நூற்றாண்டு கழித்துப் பீடத்துக்கு ஏறியது.

அதே போலத்தான் மற்றவையும். 1969 ஏப்ரலில் இந்திய வழிபாட்டுக்கென்று 12 தழுவல்களுக்கு ரோமாபுரி அனுமதி தந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி ஆகியவை அதில் அடங்கும். பெங்களூரில் திருவழிபாட்டுக்கான மையத்தை நடத்திய தமிழரான அமலோற்பவதாஸ் அடிகளின் உழைப்பு இதில் பெரிது. ஆனால் நம் கிராமத்துக் கோயிலில் செருப்போடு யார் நுழைந்தார்கள்? பாட்டிமார் முக்காடிட்டுத் தரையில் அமர்ந்துதானே ஜெபித்தார்கள்? அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

1969இன் வாசக ஒழுங்கு செய்த நன்மை தனியே சொல்ல வேண்டியது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாக அமைந்தன: மத்தேயு ஓர் ஆண்டு, மாற்கு ஓர் ஆண்டு, லூக்கா ஓர் ஆண்டு, தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் யோவான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் ஞாயிறு தவறாமல் வந்தாலே மூன்றாண்டில் நற்செய்திகளின் பெரும்பகுதி அவர் காதில் விழுந்துவிடும்.

திருப்பலி முடிந்ததும் ஞாயிறு முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு. வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளிகளையும் ஆதரவற்றவர்களையும் பார்க்கப் போவார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு நன்மை கொண்டுபோவார்கள். ஏறத்தாழ கி.பி. 155இல் ரோமாபுரியில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிற்றுக்கிழமை நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவதையும், வாசகம், பிரசங்கம், அப்பம் பகிர்தல் எல்லாம் முடிந்த பின் வராதவர்களுக்கு அதைக் கொண்டுபோவதையும், வசதியுள்ளவர்கள் கொடுத்த காணிக்கையால் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், வழிப்போக்கர் பராமரிக்கப்படுவதையும் சொல்கிறார். கரிசல் கிராமத்து ஞாயிறும் அதே ஒழுங்கில்தான் நடக்கிறது. சாயங்காலம் விளக்கு வைத்தபின் குடும்ப ஜெபமாலையோடு நாள் நிறைவடையும்.

விதைப்பும் ஓய்வும்

ஞாயிறு கடன் திருநாள். திருப்பலி காண வேண்டும், வேலையை விட்டு ஓய வேண்டும். மானாவாரி விவசாயிக்கு இதில் ஓர் உண்மையான சிக்கல் உண்டு. ஐப்பசியில் சனிக்கிழமை இரவு மழை பெய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலம் பதமாக இருந்தால் என்ன செய்வது? பதம் தப்பினால் அந்த ஆண்டு விளைச்சலே தப்பும்.

கி.பி. 321இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கிச் சட்டம் இயற்றியபோதே இது கேள்வியாக இருந்திருக்கிறது. நீதிமன்றங்களும் பட்டறைகளும் மூடவேண்டும் என்ற அச்சட்டம், நாட்டுப்புற விவசாயிகளுக்கு விலக்களித்தது. விதைப்புக்கு ஏற்ற நேரம் அந்த நாளில் வந்துவிட்டால் அதை நழுவ விடக்கூடாது என்பதே அது சொன்ன காரணம். இன்றைய திருச்சபைச் சட்டமும் ஈரமற்றதன்று. 1983 சட்டத்தொகுப்பின் 1247ஆம் பிரிவு, கடவுளுக்குரிய வழிபாட்டையும் ஆண்டவருடைய நாளின் மகிழ்ச்சியையும் மனதுக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வையும் தடுக்கும் வேலைகளை விடச் சொல்கிறது. தக்க காரணம் இருந்தால் விலக்குத் தரப் பங்குக்குருவுக்கு 1245ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பதம் பார்த்து விதைக்கிறவர் பாவம் செய்யவில்லை. விதைத்து முடித்ததும் கை கால் கழுவிவிட்டுக் குடும்பத்தோடு ஜெபத்துக்கு அமர்ந்தால் அவர் ஞாயிற்றை அனுசரித்தவரே.

இன்றைய ஞாயிற்றை அரிப்பது மழையன்று. நூற்பாலை வேனும், சுழற்சி முறை ஷிப்டும், பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்பு வகுப்பும், கையில் ஓயாத செல்போனும்தான். பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890இல் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை வாங்கித் தந்தார். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வார ஓய்வை உறுதி செய்தது. அந்த நாளில் வேலை வாங்கினால் முன்போ பின்போ மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தரச் சொன்னது. சட்டம் கொடுத்த நாள் மாறலாம். ஆனால் குடும்பம் முழுவதும் ஒரே நாளில் ஓய்ந்திருப்பது இல்லாமல் போனால், சேர்ந்து ஜெபிப்பதும் இல்லாமல் போகும். ஓய்வு மறுக்கப்படும் தொழிலாளிக்காகப் பேசுவதும் ஞாயிறு பக்தியின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

ஒரே பந்தி

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத கறை ஒன்று உண்டு. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடியவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தார்கள். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. செங்கல் சுவர் விழுந்தபின்னும் கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப்பவனி வழியிலும் பிரிவினை தொடர்ந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. எத்தனை ஜெபமாலை சொன்னாலும், பக்கத்தில் முழங்காலிடுபவரைச் சமமாக ஏற்காதவரின் ஞாயிறு குறைப்பட்டதே. உபதேசியார் மரபின் சிறப்பைப் பேசுகிறவர்கள் இதையும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

செய்ய வேண்டியது

குருவில்லாத ஞாயிற்றைத் திருச்சபை இன்று முறையாக ஏற்றிருக்கிறது. 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1248ஆம் பிரிவின் இரண்டாம் பத்தி, குரு இல்லாமல் திருப்பலி இயலாதபோது இறைவார்த்தை வழிபாட்டில் பங்குகொள்ளவும், தனியாகவோ குடும்பமாகவோ பல குடும்பங்கள் சேர்ந்தோ தக்க நேரம் ஜெபிக்கவும் பரிந்துரைக்கிறது. 1988 ஜூனில் ரோமாபுரி இதற்கென ஒரு வழிகாட்டியையே வெளியிட்டது. இதனால் திருப்பலியின் மேன்மை குறைவதில்லை. நற்கருணைக்குப் பதிலீடு எதுவும் இல்லை. அதற்கான பசியை அணையாமல் காப்பதே இந்த ஜெபக் கூட்டத்தின் வேலை.

2020 ஊரடங்கில் கோயில்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது இந்தப் பாடம் திரும்பி வந்தது. தொலைக்காட்சிப் பூசையைப் பார்த்துவிட்டு எழுந்துபோன வீடுகளும் இருந்தன. திருவிவிலியத்தைத் திறந்து வைத்து, பிள்ளையை வாசிக்கச் சொல்லி, தாத்தா முன்சொல்ல ஜெபித்த வீடுகளும் இருந்தன. இரண்டாவது வகை வீடுகள் மறவ நாட்டு மரபின் வாரிசுகள்.

ஆகவே இந்த வட்டாரத்துப் பங்குகளிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு கிளைக் கிராமத்திலும் ஆணோ பெண்ணோ இருவரையாவது இறைவார்த்தை வழிபாடு நடத்தப் பயிற்றுவியுங்கள்; அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டங்கள் அதற்கு நல்ல களம். பூசை முறை வராத ஞாயிற்றிலும் கோயில் மணி அடிக்கட்டும். இரண்டு, வயது முதிர்ந்த உபதேசியார்களும் கோயில்பிள்ளைகளும் பாட்டிமாரும் மனப்பாடமாகச் சொல்லும் பழைய ஜெபங்களையும் பிரலாபங்களையும் செல்போனிலாவது ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்கள் பணிபுரிந்த ஊர், ஆண்டு விவரங்களைப் பங்குப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். குருக்களின் பெயர்ப் பலகை இருக்கும் ஒவ்வொரு கோயிலிலும் உபதேசியார்களின் பெயர்ப் பலகையும் இடம்பெறட்டும். மூன்று, வீட்டில் ஞாயிறு மாலை அரைமணி நேரம் செல்போனை அணைத்துவிட்டுக் குடும்ப ஜெபமாலை சொல்லுங்கள். சாமியார் வராத ஞாயிறுகளை நம் முன்னோர் இப்படித்தான் காத்தார்கள். வருகிற ஞாயிறுகளைக் காப்பது நம் கடன்.